மேல வால்வும் கீழ வால்வும்

செவக்காட்டூர்க்காரர்களின் இதயமும் இரைப்பையும் குடலும் கண்பாவையும் வியர்வையும் மூத்திரப்பையும் பேரூராட்சிக் குடிநீர்க் குழாயின் இரண்டு வால்வுகளுக்குக் கட்டுப்பட்டு நடக்க ஆரம்பித்தது ஓர் ஆடி மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. தூத்துக்குடி பஸ் வழக்கம்போல் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தது, முதல் நாள் தொட்டியைக் கழுவியிருந்தபடியால் தண்ணீரில் கொஞ்சம் பிளீச்சிங் பவுடர் வாடை அடித்தது, அவ்வளவுதான். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று வெளியூர்க்காரர்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள். எங்களுக்கு அதைப்பற்றி யோசிக்க நேரம் இருந்ததில்லை. நெஞ்சு யார் சொல்லி அடித்தால் என்ன, அடித்தால் சரி என்று நாங்கள் எங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

எங்கள் ஊர்க் குழாயின் லட்சணத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். அது போட்டு நாற்பது வருஷமாகிறது. தண்ணீரை வேகமாக விட்டால் பஸ் ஸ்டாண்ட் முனையில் குழாய் வெடிக்கும், மெதுவாக விட்டால் மேட்டுத் தெருவுக்கு ஏறாது. ஆகவே தொட்டிக்கு அடியில் இருக்கும் மேல வால்வை ஒருத்தி திறந்து தண்ணீரை முடுக்க, ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி ஊருணிக் கரையில் இருக்கும் கீழ வால்வை இன்னொருத்தி திறந்து அந்த அழுத்தத்தைத் தணிக்க, இப்படி இரண்டு பேர் இரண்டு முனையில் உட்கார்ந்து பதினோரு வருஷமாகத் தினக்கூலிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். மேல வால்வு பேச்சித்தாய், கீழ வால்வு ஆவுடைத்தங்கம். அண்ணன் தம்பியைக் கட்டிய ஓரகத்திகள்; ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

பேச்சித்தாய் நின்றுகொண்டே சாப்பிடுகிற ஜாதி, சோறு தட்டில் விழுவதற்குள் கை கழுவிவிடுவாள். ஆவுடைத்தங்கம் சேலை கட்டி முடிப்பதற்குள் ஊரில் ஒரு கல்யாணம் நடந்து முடிந்துவிடும், நடந்தும் முடிந்தது. நாத்தனார் வீட்டுக் கல்யாணத்தில் குடும்பத்தோடு படம் எடுக்க நின்றபோது, ஆவுடைத்தங்கம் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு வர, பேச்சித்தாய் "எடுங்க எடுங்க, பஸ் போயிரும்" என்று போட்டோக்காரனை விரட்ட, படத்தில் ஆவுடைத்தங்கம் பாதியாக விழுந்தாள்: ஒரு கண், ஒரு காது, ஒரு தோடு. அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு பேச்சித்தாய் வீட்டுச் சுவரில் மாட்டியதோடு பேச்சு நின்றது. ஆனால் வேலை நிற்கவில்லை. பேச்சித்தாய் ஒரு திருப்புத் திறந்தால் குழாய்க்குள் ஓர் உறுமல் கிளம்பும். அந்த உறுமலைக் கேட்டு ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அந்தப்பக்கம் ஆவுடைத்தங்கம் அரைத் திருப்புத் தணிப்பாள். தணிந்த சத்தத்தைக் கேட்டு இவள் கையை எடுப்பாள். ஒன்பது வருஷமாக ஒருத்தி முகத்தில் ஒருத்தி முழிக்காமல் ஒரு ஊருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், ஒருநாள்கூடக் குழாய் வெடிக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஆறு பத்துக்கு டாக்டர் ஜெபசிங்கின் ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்ற ஏழு பேருக்கும் நாடித்துடிப்பு ஒரே எண்ணாக இருந்தது. எட்டாவது ஆளுக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது திடீரென்று ஏற, தன் கையையும் பிடித்துப் பார்த்தார், அதுவும் ஏறியிருந்தது. வெளியே பேச்சித்தாய் மேட்டுத் தெருவுக்காக வால்வை இன்னொரு சுற்றுச் சுற்றியிருந்தாள். டாக்டர் ஒரு வாரம் கையில் கடிகாரத்தோடு அலைந்து, ஊர் எல்லைக்குள் இந்தத் தண்ணீரை ஒரு வாய் குடித்த எவருக்கும் இதுதான் கதி என்றும், திருப்புகிற இரண்டு பெண்களுக்கு மட்டும் அவரவர் உடம்பு அவரவர் பாட்டுக்கு ஓடுகிறது என்றும் கண்டுபிடித்தார். அப்புறம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எங்களுக்கு விளக்கினார்: நம் எல்லோர் உடம்பிலும் நம்மைக் கேட்காமலே உள்ளுறுப்புகளை ஓட்டுகிற தன்னியக்க நரம்பு மண்டலம் என்று ஒன்று உண்டு, அதில் முடுக்குவது ஒன்று, தணிப்பது ஒன்று, முடுக்குவதற்குப் பரிவு நரம்பு என்று பெயர், தணிப்பதற்கு எதிர்ப்பரிவு நரம்பு என்று பெயர். பேச்சித்தாயைத் தெரிந்த எவனும் அதற்குப் பரிவு என்று பேர் வைத்திருக்க மாட்டான் என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார், மற்றவர்கள் அதை ஒத்துக்கொண்டு டீயைக் குடித்தார்கள். விஞ்ஞானம் எங்கள் ஊரில் அத்தோடு முடிந்தது, மனு கொடுப்பது ஆரம்பமானது.

மெஸ் நடத்துகிறவர் பகல் பன்னிரண்டு மணிக்குக் கீழ வால்வைக் கொஞ்சம் கூடுதலாகத் திறக்கச் சொல்லி ஆவுடைத்தங்கத்திடம் நின்றார், அப்போதுதான் ஊருக்கு வாயில் எச்சில் ஊறும், வயிறு கேட்கும், அவருடைய சாம்பாரும் இறங்கும். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் பரீட்சை நாளில் மேல வால்வைக் கேட்டார், கொடுத்தார்கள், பிள்ளைகள் கண்ணை அகல விரித்துக்கொண்டு தெரியாததையெல்லாம் வேகமாக எழுதினார்கள். துட்டிவீட்டுக்காரர்கள் பிணத்தை எடுக்கும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போனால் ஆவுடைத்தங்கம் கால் திருப்புத் திறப்பாள், ஊர் மொத்தமும் கண்ணீர் விடும், இறந்தவருடன் வரப்புத் தகராறில் இருந்தவர்கூட மூக்கைச் சிந்துவார். கட்சிக்காரர்கள் பொதுக்கூட்டத்துக்கு மேல வால்வை முன்கூட்டியே பதிவு செய்துகொண்டார்கள், தலைவர் "உடன்பிறப்பே" என்றோ "தோழர்களே" என்றோ "பெரியோர்களே" என்றோ எப்படி ஆரம்பித்தாலும் கூட்டத்துக்கு உடனே புல்லரித்தது, கையில் மயிர் நட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்து மாவட்டச் செயலாளர்கள் கலங்கிப்போனார்கள். புதிதாகக் கல்யாணமானவர்கள் எதற்காக ஊருணிக் கரைப்பக்கம் கூச்சத்தோடு வந்துபோனார்கள் என்பதை நான் எழுதப்போவதில்லை, ஆவுடைத்தங்கம் சிரிக்காமல் தலையாட்டினாள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இவ்வளவும் நடந்தபோது அந்த இரண்டு பேரிடமும் யாரும் ஒருமுறைகூட, சாப்பிட்டாயா, கை வலிக்கிறதா, ஒருநாள் லீவு வேண்டுமா என்று கேட்டதில்லை. தண்ணீர் விட்ட காலத்தில் காலையும் மாலையும்தான் வேலை, இப்போது விடிந்ததிலிருந்து பொழுது அடைகிறவரை வால்வடியிலேயே கிடக்க வேண்டும், அடைந்தபிறகு மேல வால்வை ஒரு நூல் அளவும் கீழ வால்வை முக்கால் திருப்பும் திறந்து வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும், அப்போதுதான் நாங்கள் தூங்குவோம். பேச்சித்தாய்க்கு ஒரு சின்ன மகிழ்ச்சி இருந்தது. அவள் புருஷன் ராமசுப்பு, இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பு வந்து பிழைத்தவர், பலசரக்குக் கடையில் பொட்டலம் கட்டுகிற வேலையையும் விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். அவருடைய நெஞ்சு இப்போது தன் கைக்குள் இருக்கிறது, தான் பார்த்து ஓட்டினால் ஓடும் என்று அவள் நினைத்தாள். அதில் பாதி ஓரகத்தியின் கையில் இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும், தெரிந்ததை நினைக்காமல் இருக்கத்தான் அவள் அவ்வளவு வேகமாக வேலை செய்தாள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இப்படிப் பல மாதம் நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஊருக்குப் புதிய செயல் அலுவலராக மங்களேஸ்வரன் வந்து சேர்ந்தார். சட்டைப்பையில் மூன்று நிறத்தில் பேனா வைத்திருந்தார், எதைப் பார்த்தாலும் இது எதற்கு என்று கேட்டார். அவர் வந்த நேரத்தில் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவும் வந்தது: குடிநீர்த் தொட்டி இயக்குபவர் பணியிடம் ஒன்று நிரந்தரமாக்கப்படுகிறது, தகுதியானவரை நியமித்துக்கொள்ளவும். ஒன்று. மங்களேஸ்வரன் மேல வால்வில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தார், கீழ வால்வில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தார், பிறகு மன்றக் கூட்டத்தில் எழுந்து, பன்னிரண்டு வார்டு உறுப்பினர்களும் வாயைப் பிளந்து கேட்க, தன் கண்டுபிடிப்பைச் சொன்னார்.

"ஒருத்தங்க ஏத்துறாங்க. இன்னொருத்தங்க இறக்குறாங்க. கூட்டிக் கழிச்சா என்ன மிச்சம்? ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குங்க ரெண்டு ஆளு?"

இதற்குப் பன்னிரண்டு தலைகளும் ஆடின, அவ்வளவு தெளிவாக இருந்தது அது. டாக்டர் ஜெபசிங் மட்டும் வாசலில் நின்று, ஐயா, வண்டியில் ஆக்ஸிலேட்டரும் பிரேக்கும் கூட்டிக் கழித்தால் ஒன்றுமில்லைதான், அதற்காகப் பிரேக்கைக் கழற்றுவதுண்டா என்று கேட்டுப் பார்த்தார். அவர் மன்ற உறுப்பினர் இல்லை என்பது குறிப்பேட்டில் பதிவு செய்யப்பட்டது. யாரை வைத்துக்கொள்வது என்ற வாக்கெடுப்பு பகல் பதினோரு மணிக்கு நடந்தது. அது சந்தை நாள். சந்தை நாளில் மேட்டுத் தெருவுக்காகவும் வியாபாரத்துக்காகவும் மேல வால்வு அகலத் திறந்திருக்கும். உறுப்பினர்கள் உள்ளங்கை வியர்க்க, நெஞ்சு முரசடிக்க, ஊர் முன்னேற வேண்டும், வேகம் வேண்டும் என்று மேசையைத் தட்டினார்கள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு பேச்சித்தாய்க்கு விழுந்தது. ஆவுடைத்தங்கத்தை மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லி, கீழ வால்வை இறுக மூடி, சங்கிலி சுற்றிப் பூட்டி, அரக்கு முத்திரையும் வைத்து, குழாய் வெடிக்காமலிருக்க பஸ் ஸ்டாண்ட் முனையில் ஓர் இரும்புப் பட்டையும் போட்டார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்த புருஷன் எப்போதாவது அனுப்புகிறதை நம்பி அவள் குடும்பம் நடத்த முடியாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பாவம்தான் என்று சொன்னோம். அதைச் சொல்ல எங்களுக்குச் செலவு ஒன்றும் ஆகவில்லை.

பேச்சித்தாய் நிரந்தர உத்தரவை வாங்கி மஞ்சள் பையில் வைத்துக்கொண்டாள். பதினோரு வருஷமாக அவள் கேட்ட காகிதம் அது. வீட்டுக்குப் போகும்போது ஓரகத்தி வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும், அன்றைக்குத் தாண்டுவதற்கு அவளுக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தது.

முதல் நாள் நாங்கள் எல்லோரும் மங்களேஸ்வரனைப் பாராட்டினோம். ஊரே பரபரவென்று இருந்தது, பெருக்காத தெருவைப் பெருக்கினார்கள், தாலுகா ஆபீஸில் மூன்று வருஷத்துக் கோப்புகள் ஒரே மத்தியானத்தில் நகர்ந்தன, பஸ் ஸ்டாண்டில் டிரைவர் பயணிகள் ஏறுவதற்கு முன்பே வண்டியை எடுத்துவிட்டார். இரண்டாம் நாள் யாருக்கும் வாயில் எச்சில் இல்லை. முறுக்குக் கடித்தவர்கள் கடித்ததை விழுங்க முடியாமல் கன்னத்தில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். தின்ற சோறு இரைப்பையிலேயே விறைத்து நின்றது, குடல் நகரவில்லை, மெஸ்காரர் அண்டா நிறைய சாம்பாரை வைத்துக்கொண்டு ஆளில்லாத பெஞ்சுகளுக்கு இலை போட்டார். கண்பாவை விரிந்தது விரிந்தபடி நிற்க, ஆனி வெயில் உள்ளே இறங்கிக் கூசியது. ஆண்கள் மனைவிமாரின் சேலைத் தலைப்பை முகத்தில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார்கள். மூன்றாம் நாளோடு ஊர் தூக்கத்தை மறந்தது. காலனித் தெருவில் ஒரு கோழி கத்தியதற்காக இரண்டு வீட்டுக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள், ஒரு சாவுவீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் வராமல் சொந்தக்காரர்கள் விரிந்த கண்ணோடு பிணத்தை முறைத்துக்கொண்டு நின்றார்கள், கைக்குழந்தைகள் ஒன்றுக்குப் போகாமல் வீறிட்டன. மங்களேஸ்வரனும் எங்கள் தண்ணீரைத்தான் குடித்தார். அவர் மூன்று நாள் தூங்காமல், பேரூராட்சியின் சுறுசுறுப்பு குறித்து நாற்பத்தாறு பக்கத்துக்கு அறிக்கை எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார்.

பேச்சித்தாய் சும்மா இருக்கவில்லை. மேல வால்வைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தாள். அவசரம்தான் குறைந்தது, அமைதி வரவில்லை. முடுக்குவதை நிறுத்துவது வேறு, தணிப்பது வேறு என்பதை அவள் கை அப்போதுதான் தெரிந்துகொண்டது. இன்னும் குறைத்தால் உட்கார்ந்தவர்கள் எழும்போது ரத்தம் தலைக்கு ஏறாமல் பொத்தென்று விழுந்தார்கள், ஆகவே திரும்பக் கூட்டினாள். குழாயில் காதை வைத்துக் கேட்டால் இவள் அனுப்பிய உறுமல் போனது போனபடியே கிடந்தது, அந்தப்பக்கத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. ஒன்பது வருஷமாகத் தான் தினமும் ஒருத்தியோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறோம் என்று அவளுக்கு அங்கேதான் புரிந்தது, புரிந்ததும் அழ வேண்டும்போல் இருந்தது. அழுகை வந்தது. ஊரில் அன்றைக்கு அழ முடிந்தவர்கள் இரண்டே பேர்தான்.

ஐந்தாம் நாள் காலையில் ராமசுப்புவுக்கு நெஞ்சு நூற்று ஐம்பதைத் தாண்டியது. சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்து, சத்தமில்லாமல் மனைவியைப் பார்த்தார். டாக்டர் ஜெபசிங் ஓடி வந்தார். மாத்திரை எதுவும் இதற்குக் கேட்காது, தூத்துக்குடிக்குக் கொண்டுபோகிற அளவுக்கு இவர் தாங்க மாட்டார், இரண்டு மணி நேரத்துக்குள் கீழ வால்வைத் திறந்தால் உண்டு என்று சொன்னார். பேச்சித்தாய் பூட்டை உடைக்கக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பாதி வழியில் நின்றாள். திறப்பது பெரிதில்லை, எவ்வளவு திறப்பது என்பது அவளுக்குத் தெரியாது. படபடக்கிற நெஞ்சை ஒரே இழுப்பில் இழுத்துப் பிடித்தால் ஊரே நின்றுவிடும். அது அவளுடைய கை வேலை இல்லை.

ஆவுடைத்தங்கம் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கடப்பாரையோடு வந்து நிற்பவளைப் பார்த்துவிட்டு இன்னொரு கொத்தை எடுத்து உருவினாள்.

"ஏட்டி, ஒங்க அத்தானுக்கு நெஞ்சு படபடங்குது" என்றாள் பேச்சித்தாய். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை அதுதான்.

"நான் வேலையில இல்லல்லா. எதுக்கும் ஆபீசுல போய்க் கேளுங்க."

"கேட்டா மனு எழுதச் சொல்லுவான். அதுக்குள்ள அவுக போயிருவாக."

"போட்டோவுல பாதி இருக்கேன்லா, அத வச்சுத் தெறந்துக்கிட வேண்டியதுதான."

பேச்சித்தாய் கடப்பாரையைக் கீழே வைத்தாள். அவள் வாழ்க்கையில் எதையும் கீழே வைத்தவள் இல்லை, எறிகிறவள்.

"தப்புதாம்ளா. நான்தான் அவசரப்பட்டுட்டேன். அன்னைக்கும், இந்த உத்தரவ வாங்கும்போதும். நீ இல்லாம எனக்கு இந்த வேல தெரியல."

ஆவுடைத்தங்கம் மடியில் கிடந்த காம்புகளைத் தட்டிவிட்டு எழுந்தாள். சேலையை உதறினாள், கொசுவத்தைச் சரிசெய்தாள், அது முடிகிறவரை பேச்சித்தாய் காத்து நின்றாள். பிறகு இருவரும் ஊருணிக் கரைக்கு நடந்தார்கள், ஆவுடைத்தங்கத்தின் நடையில். அதைவிட வேகமாக நடக்க அவளுக்குத் தெரியாது, நடக்கச் சொன்னால் பதறிப்போய்க் கை கெட்டுவிடும் என்று பேச்சித்தாய்க்குத் தெரியும். ஆகவே புருஷன் உயிருக்கு இழுத்துக்கொண்டு கிடக்கையில், நின்றுகொண்டு சாப்பிடுகிற அந்தப் பெண்பிள்ளை, ஒரு அடி எடுத்து வைத்து, ஓரகத்தியின் அடுத்த அடிக்காகக் காத்திருந்து, மறு அடி எடுத்து வைத்தாள். தூங்காத கண்களோடு ஊரே பின்னால் வந்தது, படபடக்கிற அத்தனை நெஞ்சும் ஒரு ஆமை நடைக்குப் பின்னால் ஊர்ந்தது. எங்கள் ஊர் அவ்வளவு பொறுமையாக நடந்தது அந்த ஒருமுறைதான்.

பூட்டையும் அரக்கு முத்திரையையும் பேச்சித்தாய் கையோடு எடுத்துவந்த கடப்பாரையால் ஒரே அடியில் பெயர்த்தாள், அது அவளுடைய வேலை. சக்கரத்தை ஆவுடைத்தங்கம் ஒரு விரல் திருப்பினாள், காதை வைத்துக் கேட்டாள், இன்னொரு விரல் திருப்பினாள். பேச்சித்தாய் மேல வால்வுக்கு ஓடினாள். அரை மணி நேரத்தில் நெஞ்சுகள் படி இறங்கின. முதலில் யாரோ ஒருவர் கொட்டாவி விட்டார், அது தெருத் தெருவாகப் பரவியது. ஐந்து நாள் சோறு நகர்ந்து ஊர் முழுவதும் ஏப்பம் விட்டது. கண்ணில் நீர் வந்தது, வாயில் நீர் ஊறியது, பஸ் ஸ்டாண்ட் சுவரை நோக்கி ஒரு பெருங்கூட்டம் ஓடியது. ராமசுப்பு சுவரில் சாய்ந்தபடியே கண்ணை மூடினார். டாக்டர் பதறிப்போய் நாடியைப் பிடித்துப் பார்த்தால், மனுஷன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஆவுடைத்தங்கம் எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல் கீழ வால்வில் உட்கார்ந்திருக்க, ஊர் நன்றாக நடக்க, மங்களேஸ்வரன் அதைக் கவனித்தார். கவனித்து, ஒற்றைப் பணியிடத்தில் இரட்டை வேலை, சீர்திருத்தம் முழு வெற்றி என்று இரண்டாவது அறிக்கை எழுதினார். மேலிடம் மகிழ்ந்தது, சுதந்திர தினத்தன்று பாராட்டுச் சான்றிதழ் என்று கடிதம் வந்தது. பேச்சித்தாய் தன் உத்தரவை எடுத்துக்கொண்டு போய், அதில் இரண்டு பேர் போட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் கிழித்துப் போடுங்கள் என்று மேசையில் வைத்தாள்.

"கீழ வால்வு ஊழியர்னு பதிவேட்டுல யாருமே இல்லியேம்மா. இல்லாத ஆளுக்கு நான் எப்படி உத்தரவு போட முடியும்?" என்றார் மங்களேஸ்வரன். கோபமாகச் சொல்லவில்லை, நிஜமான வருத்தத்தோடு சொன்னார். அன்று கீழ வால்வு கொஞ்சம் தாராளமாகவே திறந்திருந்தது.

சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூட மைதானத்தில் கொடியேற்றி முடிந்ததும், மாவட்டத்திலிருந்து வந்த உயரதிகாரி பேச எழுந்தார். அவர் தண்ணீர் பாட்டிலைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அவர் பேச ஆரம்பித்தபோது முன்வரிசையில் மூன்று நாற்காலிகளில் மூன்று பேர் வந்து உட்கார்ந்தார்கள்: இந்தப்பக்கம் பேச்சித்தாய், அந்தப்பக்கம் ஆவுடைத்தங்கம், நடுவில் வெள்ளை வேட்டியில் ராமசுப்பு. பதினோரு வருஷத்தில் அவர்கள் கொடியேற்று விழாவுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அதைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, இவர்கள் இங்கே இருந்தால் அங்கே யார் என்று ஒருவருக்குத் தோன்றியது, அவர் பக்கத்து ஆளைப் பார்த்தார், பக்கத்து ஆள் அடுத்தவரைப் பார்த்தார். வால்வுகள் இரண்டும் இறுக மூடியிருந்தன.

நெஞ்சு நின்றுவிடவில்லை. நின்று எங்களைப் பார்த்தது, அவ்வளவுதான். அடி என்று சொன்னால் அடித்தது, சொல்லாவிட்டால் காத்திருந்தது. சொல்ல ஆரம்பித்தோம். அடி, விடு, அடி, விடு, மூச்சே உள்ளே போ, வெளியே வா, இரைப்பையே அந்த இட்லியைப் பிசை, பித்தமே சுர, கண்பாவையே வெயிலுக்குச் சுருங்கு, வியர்வையே வா, மூத்திரப்பையே தயவுசெய்து வராதே, அடி, விடு என்று ஆயிரத்து நானூறு பேர் உதட்டை அசைத்துக்கொண்டு, இமைக்க மறந்து, அசையாமல் உட்கார்ந்திருந்தோம். பிறந்ததிலிருந்து யாரோ எங்களுக்காகப் பார்த்துக்கொண்டிருந்த வேலை எவ்வளவு என்று அப்போதுதான் தெரிந்தது. அதில் பத்தில் ஒன்றைக்கூட எங்களால் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை. குடலுக்குச் சொல்லும்போது ஈரலை மறந்தோம், ஈரலுக்குச் சொல்லப் போனால் மூச்சை விட்டுவிட்டோம். இவ்வளவு கவனமாகப் பேச்சைக் கேட்கிற மக்களைத் தன் பணிக்காலத்தில் பார்த்ததில்லை என்று உயரதிகாரி நெகிழ்ந்து, இன்னும் இருபது நிமிஷம் சேர்த்துப் பேசினார்.

மங்களேஸ்வரனின் பெயரை அழைத்தபோது அவர் சான்றிதழை நோக்கிப் போகவில்லை. படியில் இறங்கி, அடி, விடு, அடி, விடு என்று முணுமுணுத்தபடி முன்வரிசைக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது, வேட்டி ஒரு பக்கம் நனைந்திருந்தது, இரண்டு வேலையை ஒன்றாகச் செய்யும்போது ஏதாவது ஒன்று கைவிட்டுத்தானே போகும். பேச்சித்தாய் ஒரு காகிதத்தை நீட்டினாள். பணியிடம் இரண்டு, பெயர் இரண்டு, டாக்டர் கையெழுத்தில் எழுதியது. ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில் ஒரு மூச்சு விட்டு, மூன்று பேனாக்களில் பச்சைப் பேனாவை எடுத்து, அவர் கையெழுத்துப் போட்டார்.

பேச்சித்தாய் உடனே எழுந்துவிட்டாள். ஊர் படுகிற பாட்டைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை, தொட்டியைப் பார்த்து ஓடத் தயாராகச் சேலையை இழுத்துச் செருகினாள். ஆவுடைத்தங்கம் எட்டி அவள் முந்தானையைப் பிடித்தாள்.

"உக்காருங்கக்கா. கையெழுத்து மட்டும்தான போட்டிருக்காரு, ரப்பர் ஸ்டாம்பு இல்லாம செல்லாது. ஆளு போயி எடுத்துட்டு வரட்டும்."

பேரூராட்சி ஆபீஸ் முக்கால் கிலோமீட்டர். ரப்பர் ஸ்டாம்பு எடுக்கக் கிளம்பிய கிளார்க் நாலு அடி ஓடி, மூச்சை மறந்து நின்று, ஞாபகம் வந்து மறுபடி ஓடுவதை மைதானமே உதட்டை அசைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தது. பேச்சித்தாய் உட்கார்ந்தாள். ராமசுப்புவின் இடது மணிக்கட்டு ஏற்கெனவே ஆவுடைத்தங்கத்தின் கையில் இருந்தது, வலது மணிக்கட்டை இவள் எடுத்துக்கொண்டாள். இவள் ஒரு விரலால் லேசாகத் தட்ட, அவள் கட்டைவிரலால் மெல்ல நீவ, செவக்காட்டூரில் அந்த அரை மணி நேரம் தன் நெஞ்சுக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், அவர் ஒருத்தர்தான் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார்.